மஹராக ஓர் அட்டை

அத்தியாயம் பதினேழு

றாஸிக் மச்சானின் சட்டைகளை அயன் பண்ணுவதற்கு, விடியச் சுபஹு தொழுத கையோடு ஸம்றா உட்கார்ந்துவிட்டாள். ஏழு சட்டை, நாலு சாரன், இரண்டு காற்சட்டை. ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்து, மடித்து அடுக்கினாள்.

கதவடியில் நின்று பார்த்த உம்மா ஸகியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லாஹ் என்ட புள்ளைக்கு மனச எறக்கிட்டான்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பாவம் உம்மா. மனம் இரங்கியவளின் முகமா அது? மகளை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸம்றாவின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள் றுமானா, ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு கொரோனாவில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து மூன்றாம் நாள் மௌத்தானாள். ஐம்பது நாள் தாண்டிவிட்டது. மையித்து சொந்த ஊரான மருதமுனைக்கு வரவேயில்லை. கொரோனாவில் போனவர்களை அடக்குகிற ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். பெற்ற தாய்க்கு மகளின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கிடைக்கவில்லை. மிஞ்சியது மின்ஹா என்ற ஒரு பிடிப் பிள்ளைதான்.

றுமானா ஊசி போடவில்லை. போட விடாதவன் அவளுடைய புருசன் றாஸிக். கர்ப்பத்தில் போட்டால் பிள்ளை கலைந்துபோகும், பெற்ற பிறகு போட்டால் தாய்ப்பால் நஞ்சாகும் என்று அவன் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய குரல், மருதமுனையிலிருந்து வரிப்பத்தான்சேனை வரை வீடு வீடாகச் சுற்றியது. தன் உடம்பில் ஒரு ஊசியும் ஏறவில்லை என்று பள்ளிவாசல் முற்றத்தில் நெஞ்சைத் தட்டிச் சொன்னவன் அவன்.

ஒன்பது நாளைக்கு முன்பு, தோய்க்கப் போட்ட அவனுடைய சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. அவனுடைய பெயர். இரண்டு ஊசி. இரண்டு திகதி. ஸம்றா அதை நின்ற நிலையில் மூன்று தரம் வாசித்தாள். பிறகு, மேசையில் கிடந்த அவனுடைய பேர்ஸுக்குள், லைசன்ஸுக்குப் பின்னால் செருகிவிட்டு வந்து மிச்ச உடுப்பைத் தோய்த்தாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் உம்மா அழுவாள், வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்துவார், அவன் ஏதாவது கதை சோடித்துத் தப்பிவிடுவான். நாலு பெரிய மனிதர்கள் கூடுகிற நாளொன்று அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த நாளை அவனே தேடிக் கொடுத்தான். இன்று உச்சிநேர ளுஹர் தொழுகைக்குப் பிறகு, ஸம்றாவைப் பெண் கேட்டு அவனுடைய ஆட்கள் வருகிறார்கள்.

நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருகிறவன். றாஸிக் வரிப்பத்தான்சேனைக்காரன், கல்முனையில் ஹாட்வெயார் கடை. றுமானாவை முடித்து, அவளுக்கென்று வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் குடியேறினான். அவள் போன பிறகும் அதே வீட்டில் இருந்துகொண்டு, அதே வளவில் இருக்கிற மாமியார் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறான். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த சூட்டோடு வாப்பாவிடம் சொல்லிவிட்டான்.

"மாமா, ஸம்றாவத் தந்தாப் புள்ள இஞ்சயே வளரும். இல்லாட்டி மின்ஹாவ நான் எங்கட உம்மாட்டக் கொண்டு போறன்."

வாப்பா முத்தலிப் அன்றிலிருந்து நித்திரையில்லாமல் திரிந்தார். மூத்த மகளையும் இழந்து, அவள் விட்டுப்போன பிள்ளையையும் இழக்க அவரிடம் தெம்பு இல்லை. மூன்று நாளைக்கு முன் ஸம்றா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வரச் செல்லுங்க வாப்பா. ஆனா மஹர் என்னெண்டு நான்தான் செல்லுவன். அதுல ஆரும் கதைக்கப்படா."

வாப்பா தலையாட்டினார். மாப்பிள்ளை கொடுக்கிற மஹர், பெண் கேட்பதுதானே?

பத்து மணிபோல, பிள்ளைத்தாய்ச்சிகளையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் பார்க்கிற மருத்துவமாது கேதீஸ்வரி ஸ்கூட்டியில் வந்திறங்கினாள். பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புக்காரி. மின்ஹாவைத் துணியில் கட்டித் தராசில் தொங்கவிட்டாள்.

"ரெண்டு கிலோ தொள்ளாயிரம். கூடியிருக்கு. பால்மாவ அளவாக் கரைக்கிறீங்கதானே?"

"ஓம் மிஸ்."

"இண்டைக்கு நாலு மணி மட்டும் ஸ்கூல்ல ஊசி போடுறம். புள்ளத்தாச்சிமார், பால் குடுக்கிற தாய்மார், எல்லாருக்கும் தனி வரிசை. ஆரும் பயந்துகொண்டு இருந்தா அனுப்பிவிடுங்க. ஊசி போட்ட கையோட போய்ப் புள்ளைக்குப் பால் குடுக்கலாம். ஒரு நேரமும் நிப்பாட்டத் தேவையில்ல."

ஸம்றா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "ராத்தா அண்டைக்கி ஊசி வரிசையில எத்தினயாவது ஆளா இருந்தா, மிஸ்?"

கேதீஸ்வரி தராசைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அவவுக்கு முன்னால ரெண்டு பேர்தான். கர்ப்பிணி அட்டைய மடியில வெச்சிக்கொண்டு கதிரையில இருந்தவ. அவவட புருசன் அஞ்சு நிமிசம் பிந்தி வந்திருந்தாப் போதும். கையில புடிச்சி எழுப்பிக்கொண்டு போய்ட்டார். நான் எழும்பிப் போய்க் கதைச்சன். நீங்க உங்கட ஆக்களுக்குப் போடுங்க எண்டார்." அவள் பையை மூடினாள். "நான் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதத்தான் நினைக்கிறன்."

ஸம்றா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குரிய பதிலை இன்றைக்கு வாங்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ளுஹர் தொழுகை முடிந்து, இரண்டு மணிபோல வான் வண்டி வந்து நின்றது. றாஸிக்கின் தாய்மாமன் கச்சிமுகம்மது முன்னால் இறங்கினார். பின்னால் மாஸ்க்கும் அபாயாவுமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியவள் சிபானா. றாஸிக்கின் ஒரே தங்கச்சி; ஏழு மாதம். அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் இருத்தி, மின்ஹாவைத் தூக்கி அவள் மடியில் கொடுத்தாள் ஸம்றா. கை இரண்டும் தனக்கு வெறுமையாக வேண்டும் என்று நினைத்தாள்.

"மாமியப் பாத்துச் சிரிக்காவே!" என்று சிபானா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மதினி, இஞ்ச ஸ்கூல்ல புள்ளத்தாச்சிமாருக்கு ஊசி போடுறாங்களாமே? எங்கட பக்கத்திலயும் மிஸ் வந்து ரெண்டு தரம் கூப்பிட்டா. எங்கட றாஸிக் காக்கா வேணாம் எண்டுட்டார். ஒங்களுக்கு என்ன தோணுது?"

ஸம்றா அவளுடைய வயிற்றைப் பார்த்தாள். அதே ஏழு மாதம். ராத்தாவும் இப்படித்தான் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு இருப்பாள்.

நாலு மணிவரை நேரம் இருக்கிறது. ஸ்கூல் மூன்று ஒழுங்கைக்கு அப்பால். எழும்புங்க போவம் என்று சொன்னால் போதும்.

அவள் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றது மனம். அவனும் தன்னுடைய ஒரு பெண்ணை ஓட்டமாவடிக்கு அனுப்பிவிட்டு, முகம் பார்க்காமல் இருந்து பார்க்கட்டும். நினைத்துவிட்டு அவள் வெட்கப்படவுமில்லை. ஐம்பது நாளாய் அவளுக்குள் எரிந்துகொண்டிருந்ததற்கு அந்த நினைப்பு இதமாகத்தான் இருந்தது.

"ஒங்கட காக்காட்டயே கேளுங்க" என்றாள்.

விறாந்தையில் ஆண்கள் இருந்தார்கள். நடுவில் உம்மாவின் தாய்வழிக் குடிக்கு மரைக்காயரான பதியுதீன். அந்தக் குடிக்காரரின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் பள்ளிவாசலில் வாய் திறக்கிறவர் அவர்தான். உம்மாவுக்கு ஒன்றுவிட்ட நானா, அண்ணன் முறை. வாப்பா ஒரு பக்கம், றாஸிக்கும் கச்சிமுகம்மதுவும் மறு பக்கம். அறைக் கதவுக்கும் விறாந்தைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் ஸம்றா நின்றாள்.

"நல்ல காரியம், கெதியா முடிப்பம்" என்றார் கச்சிமுகம்மது. "மஹருக்கு என்ன வெக்கிற? மால, வளையல், என்னண்டாலும் செல்லுங்க. மருமகன் பின் நிக்க மாட்டார்."

"பொண்ணு தானே செல்லுறன் எண்டிரிக்கா" என்று பதியுதீன் திரைப்பக்கம் திரும்பினார். "செல்லு மகள். வெக்கப்படாத."

"நகை ஒண்டும் வேணாம் மாமா." ஸம்றாவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "மச்சான்ட ஊசி அட்டைய மஹராத் தரச் செல்லுங்க."

கச்சிமுகம்மது வாய்விட்டுச் சிரித்தார். "இதென்னகா மஹர்?"

"இரும்பு மோதிரம் குடுத்தும் நிக்காஹ் முடிச்சிரிக்காங்க" என்றார் பதியுதீன். "பொண்ணு ஆசப்பட்டுக் கேக்கிறா. ஒரு கடதாசி அட்டதானே? எடுத்துக் குடு றாஸிக்."

றாஸிக் சிரிக்கவில்லை. "என்னட்ட ஏது அட்ட? நான்தான் போடல்லயே. ஊருக்கே தெரியும்."

"பேர்ஸுக்குள்ள இரிக்கி மச்சான். லைசன்ஸுக்குப் பின்னால."

அவனுடைய கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. அதை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்த பிறகு எடுக்காமல் இருக்க முடியாது. எடுத்தான். பதியுதீன் கையை நீட்டி வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் அவன் உடைந்து விழுவான் என்றுதான் ஸம்றா ஒன்பது நாளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவனோ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஓம், போட்டன்தான். இப்ப என்ன? கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போறன், அட்ட இல்லாட்டி ஒருத்தனும் உள்ளுக்கு உடுறான் இல்ல. நான் என்ன புள்ளத்தாச்சியா? என்ட பயமெல்லாம் வகுத்துப் புள்ளயப் பத்தித்தான். ஆம்புளைக்கிப் போடப்படா எண்டு நான் எங்கயாவது செல்லினனா?"

கச்சிமுகம்மது பெரிதாகத் தலையாட்டினார். "அதுவும் ஞாயந்தானே."

வாப்பாவின் தலையும் ஆடியது. பதியுதீன் அட்டையைத் தாம்பாளத்தில் வைக்கப் போனார். ஸம்றா திரைச்சீலைக்கு இன்னும் கிட்ட வந்தாள். விட்டால் இவன் இந்த அட்டையையே மஹராகக் கொடுத்துவிட்டு இன்றைக்கே நிக்காஹையும் முடித்துக்கொண்டு போவான்.

"மாமா, முதல் ஊசிட திகதிய வாசிங்க."

"ஆகஸ்ட் மூணு."

"இனி ஒங்கட ஃபோன எடுங்க. ஊசி போடாதீங்க எண்டு மச்சான் செல்லின வொயிஸ் ஒங்களுக்கும் வந்ததானே? அது எண்டைக்கி வந்த எண்டு பாருங்க."

பதியுதீன் ஃபோனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். அவருக்கு வந்திருந்தது. அவரும் அதைப் பதினொரு பேருக்கு அனுப்பியிருந்தார். தேடிக்கொண்டு போகையில் அதுவும் ஃபோன் திரையில் தெரிந்தது. அவர் அழுத்தியதும் றாஸிக்கின் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரர்களே. இண்டைக்கிக் காலையில என்ட மனைவிய ஊசி வரிசையில இருந்து கையப் புடிச்சி எழுப்பிக் கூட்டிவந்தன். நீங்களும் ஒங்கட பெண்டாட்டிமாரக் காப்பாத்துங்க..."

"திகதி மாமா?"

பதியுதீன் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஆகஸ்ட் மூணு. பின்னேரம் ஏழு இருபது."

கச்சிமுகம்மது எட்டி அட்டையைப் பார்த்தார்.

"ராத்தாவக் கதிரையில இருந்து எழுப்பினீங்க" என்றாள் ஸம்றா. "ஊட்ட கொண்டுவந்து உட்டீங்க. மறுகா வேற எடத்துக்குப் போய் அதே மாதிரிக் கதிரையில நீங்க குந்திப் போட்டுக்கிட்டு வந்தீங்க. வந்து, இந்த வொயிஸையும் அனுப்பினீங்க. எல்லாம் ஒரே நாள்ல. ரெண்டாவது ஊசியையும் வாசிங்க மாமா."

"ஆகஸ்ட் முப்பத்தொண்டு."

இதைக் கேட்டதும் வாப்பா எழும்பிவிட்டார். ஐம்பது நாளாக ஒரு சத்தம் போடாத மனிதர்.

"அண்டைக்கி என்ட புள்ள மெசின்ல கிடந்தா. ஆஸ்பத்திரி கேட்டடியில நானும் நீயும் நிண்டம். மருந்து தேடிப் போறன் மாமா எண்டு செல்லித்தானேடா நீ போன? நான் ஒனக்கு துஆக் கேட்டுக்கொண்டு நிண்டன்டா!"

றாஸிக் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவன் அழுவான் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அழுதான்.

"எனக்கும் பயமா இருந்திச்சி மாமா. மொதல்ல நான் போட்டுப் பாப்பம், ஒண்டும் ஆகல்லயெண்டா அவவுக்கும் போடுவம் எண்டுதான் போனன். வல்லாஹி, அப்பிடித்தான் நெனச்சன்."

"ஒண்டும் ஆகல்லதானே?" என்று கேட்டாள் ஸம்றா. "மறுகா ஏன் உடல்ல?"

அவன் தரையைப் பார்த்தான். "அதுக்குள்ள அந்த வொயிஸ் ஊரெல்லாம் போய்ட்டு. இனி எப்பிடி நான் அவவக் கூட்டிக்கொண்டு போய்..."

அவ்வளவுதான் விசயம். நாலு பேர் கேலி பண்ணுவார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் மூச்சு போய்விட்டது. திரைக்குப் பின்னால் நின்ற ஸம்றாவுக்குக் கண்ணீர் வரவில்லை. இதை ராத்தா கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பதியுதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அந்த வொயிஸ அனுப்பின பாவத்தில எனக்கும் பங்கிரிக்கி. அத நான் அல்லாஹ்ட்டப் பேசிக்கொள்ளுறன்" என்றார். பிறகு கச்சிமுகம்மதுவைப் பார்த்தார். "இஞ்ச கலியாணம் இல்ல. புள்ள தாயிட குடியிலதான் வளரும். மீறித் தூக்கினாப் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டு, ஊருக்கு முன்னால இந்த ரெண்டு திகதியையும் நானே வாசிப்பன். ஒங்கட மருமகனப் போய் உடுப்ப எடுக்கச் செல்லுங்க."

"அவர் போகத் தேவையில்ல மாமா."

திரையை விலக்கிக்கொண்டு முதல் தடவையாக ஸம்றா வெளியே வந்தாள். காலையில் தேய்த்து அடுக்கிய உடுப்பெல்லாம் ஒரு சூட்கேசுக்குள் இருந்தது. அதை அவனுடைய காலடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"எல்லாம் அயன் பண்ணி வெச்சிரிக்கன். எண்ணிப் பாத்துக்கொள்ளுங்க மச்சான்."

புருசன் செத்தால் பெண் தன்னுடைய வீட்டிலேயே இருக்கிறாள். பெண் செத்து, பெண் வீட்டார் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தால், அந்த ஆண் இந்தக் கரையில் நிமிர்ந்து நடப்பதற்கு எத்தனை வருசம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. றாஸிக் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வளவைக் கடந்தான். ஒழுங்கையில் இரண்டு வேலியடியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் வானுக்குள் ஏறியதைக் கடைசிவரை நின்று பார்த்தாள் ஸம்றா. வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது.

"சிபானா! வா போவம்!" என்று கச்சிமுகம்மது கூப்பிட்டார்.

உள்ளறையிலிருந்து பதில் வந்தது. "நான் வரல்ல."

ஸம்றா உள்ளே போனாள். சிபானா கட்டிலில் அதே இடத்தில், பிள்ளையை அணைத்தபடி இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மாஸ்க் கண்ணீரில் நனைந்திருந்தது.

"அவரோட நான் போகல்ல மதினி. என்ன அந்த ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போங்க. மணி மூண்டரைதானே? ரெண்டு தரம் மிஸ் வந்து கூப்பிட்டா. போயிருப்பன். காக்கா பொய் செல்ல மாட்டார் எண்டு நம்பினன்."

ஸம்றாவுக்கு அந்த ஒன்பது நாள் சட்டென்று ஞாபகம் வந்தது. அட்டை கையில் கிடைத்த அன்றே வாயைத் திறந்திருந்தால், இவள் எப்போதோ ஊசியைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்திருப்பாள். நாலு பெரிய மனிதர்கள் கூட வேண்டும் என்று காத்திருந்தது யாருக்காக? ராத்தாவுக்காகவா, தனக்காகவா?

"எழும்புங்க, கெதியாப் போவம்" என்று கையைப் பிடித்தாள்.

கை கொதித்தது.

முதலில் வந்தது இரக்கம் இல்லை. இதை யாரிடமும் அவள் ஒருநாளும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் முதலில் வந்தது சந்தோசம்தான். கேட்டது கிடைத்துவிட்டது என்ற சந்தோசம். ஒரு மூச்சு நேரத்துக்கு அது இருந்தது. பிறகு, தன்னை நினைத்தே அவளுக்குப் பயம் பிடித்தது.

"எத்தின நாளா?"

"மூணு நாளா." சிபானா தலையைக் குனிந்தாள். "காக்காட்டச் செல்லினன். பொண்ணு கேக்கப் போற நேரம் காய்ச்சல் எண்டா ஆரும் ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டாங்க, பனடோலப் போட்டுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு வா எண்டார்."

அவளுடைய கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மின்ஹா நித்திரையாக இருந்தாள். ஒன்றரை மணி நேரமாகப் பிள்ளை அந்த நெஞ்சில்தான் கிடக்கிறது. தூக்கிக் கொடுத்தவள் ஸம்றா.